வாலுக்குள் நாலு மில்லிமீட்டர்

மார்ச் 2, ஞாயிறு

பதினோராவது முயற்சியில் த்ராட்டில் பிடி சரியாக வந்தது. விமானி இடது கையால் தள்ளி என்ஜின் வேகத்தைக் கூட்டுகிற நெம்புகோல். நிஜ விமானத்தில் ஒரு சாண் இருக்கும். என்னுடையது பிளாஸ்டிக் மாடல், நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, ஆக நாலு மில்லிமீட்டர்.

மாடல் பெட்டியோடு வந்த காக்பிட், அதாவது விமானி உட்காரும் கூடு, சோப்பு டப்பா மாதிரி இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் நானே செய்கிறேன். மாத்திரை அட்டையின் தகட்டை நறுக்கி இருக்கை வார். மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழையில் அந்த வாருக்குக் கொக்கி. ஊசி முனையில் எடுத்த ஒரு சொட்டு வார்னிஷ், அதுதான் கடிகாரத்துக்குக் கண்ணாடி. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் நூலாக நீளும், அதை வெட்டி இந்தப் பிடி.

சின்னவன் எட்டிப் பார்த்தான். என் தம்பி. நாற்பத்தொரு வயதாகியும் வீட்டில் சின்னவன்தான். அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியை மூடிவிட்டதால் இரண்டு மாதமாக எங்களோடு இருக்கிறான்.

"இதுல பைலட் எப்படிண்ணா ஏறுவான்? எறும்பைத்தான் உக்கார வைக்கணும்" என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் மூச்சுக்காற்றுப் பட்டுவிடப் போகிறதே என்று அவனை வெளியே அனுப்பினேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிடியின் நுனியில் சிவப்புக் குமிழ் வைத்தாயிற்று. ஒரு துளி பசை, அதன் மேல் பெயிண்ட். தும்மக்கூட பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

பிடியைக் காணோம்.

கடைக்குப் போய்விட்டு வந்தால் அறை பளபளவென்று இருக்கிறது. சின்னவன் வாக்குவம் கிளீனர் போட்டுச் சுத்தம் செய்திருக்கிறான். கேட்காமலே. இந்த வீட்டில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது அவன் வழக்கம், யாரும் சொல்வதற்கு முன்னால்.

மேசையில் நான் விரித்திருந்த வெள்ளைக் காகிதம் காலி. தரையில் படுத்து டார்ச் அடித்துத் தேடினேன். பிறகு கூடத்துக்குப் போனேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மேசையை நான் தொடவே இல்லண்ணா. தரை மட்டும்தான்."

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டும் — எழுதாவிட்டால் நாளைக்கு நானே கொஞ்சம் குறைத்துச் சொல்லிக்கொள்வேன். "வேலைவெட்டி இல்லாம ஓசிச் சோறு தின்னுட்டு இருக்கல்ல, சும்மாவாவது இரேன்டா" என்றேன். என் மனைவி முன்னால்.

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். தட்டை அவனே எடுக்க வந்தான். மனைவி வாங்கிக்கொண்டாள்.

சொன்னது அதிகம்தான். ஆனால் பதினோரு தடவை செய்தது நான்தானே?

மார்ச் 9, ஞாயிறு

காலையில் போய்விட்டான். நண்பன் ஒருவனுடைய சலவைக் கடையில் ஆள் தேவையாம், கடைக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டாம். மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். இரண்டு பை எடுத்துப் போனான், தன்னுடைய இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டான்.

வாக்குவம் கிளீனரைத் திறந்து பார்த்தேன். தூசிப் பையே இல்லை. அதையும் தூக்கி எறிந்துவிட்டான். சாட்சியை அழித்துவிட்டுப் போகிறான் என்று தோன்றியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம், காணாமல் போனது, உடைந்தது என்று ஜனங்கள் எழுதிக் கொடுப்பதில் எது பொய் என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். புத்தி அப்படித்தான் போகும்.

மார்ச் 12, புதன்

புதுப் பிடி மூன்றாவது முயற்சியிலேயே வந்துவிட்டது. பழையதைவிட நன்றாக. கை பழகிவிட்டது. மனைவியிடம் காட்டினேன். "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

விமான உடல் இரண்டு பாதியாக வரும், இடது, வலது. காக்பிட்டை உள்ளே வைத்து இரண்டையும் ஒட்டி மூட வேண்டும். காலையில் ஒட்டினேன். மத்தியானம் காய்ந்திருக்கிறதா என்று எடுத்துத் திருப்பினேன்.

டிக்.

மறுபடி திருப்பினேன். டிக். வால் பக்கம்.

வால் சக்கரம் பொருத்துவதற்கு அடியில் ஒரு துளை உண்டு. அதில் டார்ச்சைக் காட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிவப்பு. சிவப்புக் குமிழ்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் "ஒரு தடவை வைத்துப் பார்ப்போம்" என்று பிடியை இடது பாதியில் பசை இல்லாமல் சொருகிப் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். இருக்கைக்குப் பின்னால் சரிந்து வாலின் குறுகிய இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டு, ஒட்டி மூடிய பிறகு கழன்றிருக்கிறது. சனிக்கிழமை வீட்டையே புரட்டினேன். கையிலேயே இருந்த விமானத்துக்குள் பார்க்கவில்லை.

அவன் தொடவே இல்ல. தொடலன்னு சொன்னான். சொன்னானே.

மார்ச் 17, திங்கள்

இன்று செய்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் போவதற்கு முன் வால் துளை வழியாக ஒரு சொட்டுப் பசை விட்டு, விமானத்தை நிமிர்த்தி வைத்தேன். சாயங்காலம் ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை.

மாதக் கடைசியில் நடக்கப்போகும் மாடல் கண்காட்சியில் நடுவர் கையில் எடுத்து ஆட்டினால் அசிங்கம் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நடுவர்கள் மாடலைத் தொடவே மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

மார்ச் 19, புதன்

ஆபீஸில் ஒருவர் மோதிரம் திருடுபோனதாக எழுதிக் கொடுத்துவிட்டு, இன்று தானே வந்து "வீட்லயே கிடைச்சிருச்சு சார், மன்னிச்சுக்குங்க" என்றார். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மார்ச் 22, சனி

மனைவி சலவைக் கடைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு தீப்பெட்டியை என் முன்னால் வைத்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னார்."

உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் ஆறு துணுக்குகள். ஒரு குண்டூசி முனை, ஒரு பித்தளைப் பொடி, பிளாஸ்டிக் சீவல்கள், பல் துலக்கும் பிரஷ்ஷில் இருந்து உதிர்ந்த ஒரு சிவப்பு இழை. மடித்து வைத்த காகிதத்தில் அவன் கையெழுத்து: "அண்ணா, தூசியை டீ வடிகட்டியில போட்டு சலிச்சேன். இதுல ஏதாவது ஒண்ணு அதுவா இருக்குமா பாரு. சிவப்பா இருக்கறது அதுதான்னு நினைக்கிறேன்."

தூசிப் பையை எறியவில்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் சாட்சி, அழிப்பு என்று என்னென்னவோ எழுதிவைத்திருக்கிறேன், மேலே.

"இருக்கா?" என்றாள் மனைவி.

"இல்ல" என்றேன்.

"பாவம். கண்ணு எரியுதுன்னார்."

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எழுந்து குளிக்கப் போய்விட்டேன், காலையில் குளித்தவன்.

மார்ச் 23, ஞாயிறு

தீப்பெட்டி மேசையில் இருக்கிறது. அந்த அறைக்குள் போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மாடல் சங்கத்தின் கண்காட்சி. நடுவர் ஒரு பல் டாக்டர். பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியையே காக்பிட்டுக்குள் நீட்டிப் பார்ப்பார். என் விமானத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கையால் செய்த நுணுக்கங்களுக்கு முதல் பரிசு.

"இதுக்கு முன்னால செஞ்ச த்ராட்டில் பிடியைத்தானே உங்க தம்பி வாக்குவம் போட்டு முழுங்கினது?" என்று கேட்டார். எட்டாம் தேதி ராத்திரியே சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அதைக் கதையாக எழுதிப் போட்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அவரை எங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்றார்.

நானும் சிரித்தேன். சிரிச்சேன். எப்படிச் சிரிச்சேன்?

பத்து அடி தூரத்தில் மனைவி நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பசை விட்டதையும். பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது, "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நானா போனேன் வீட்டை விட்டு?" என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விமானத்தை ஷூ பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கூடவே சின்ன ரம்பம், இடுக்கி, தீப்பெட்டி.

கடைக்குப் பின்னால் அவன் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கயிறு நிறைய அடுத்தவர் சட்டைகள். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டான். "உக்காருண்ணா."

உட்காரவில்லை. ஜன்னல் திண்டின் மேல் விமானத்தை வைத்து, ஒட்டிய கோட்டின் மேலேயே அறுத்தேன். பாதி அறுத்ததும் அவன் பதறிப்போய் என் கையைப் பிடித்தான். "என்னண்ணா பண்றே? பிரைஸ் வாங்கினதுன்னு அண்ணி சொன்னாங்களே!"

கையை விடுவித்துக்கொண்டு மிச்சத்தையும் அறுத்தேன். இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். வாலுக்குள், காய்ந்த பசைக்கு நடுவில், பிடி.

குனிந்து பார்த்தான். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான் என்று நினைக்கிறேன். "அட, இங்கயா இருந்துச்சு?"

பிறகு கேட்டான். "எப்போண்ணா தெரிஞ்சது உனக்கு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். சிரித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிக்கூட வந்திருப்பான். அந்த ஒரு நொடியில் இதெல்லாம் எனக்குத் தோன்றியது — அதுதான் இன்னும் கேவலம்.

"இருபத்தோரு நாள் ஆச்சுடா."

விரல்விட்டு எண்ணினான். "அப்போ தீப்பெட்டி வந்தப்போ?"

"தெரியும்."

"இந்தப் பசை?"

"நான்தான் விட்டேன். சத்தம் வரக்கூடாதுன்னு."

அவன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். "மூணு நாள் சலிச்சேண்ணா. நீ சொன்ன மாதிரி நான்தான் தொலைச்சேன்னே நானும் நம்பிட்டேன்" என்றான்.

"தப்புடா. எல்லாம் என் தப்பு. அந்தச் சோத்துப் பேச்சும்."

"சரி. போண்ணா. ஏழு மணிக்குள்ள டெலிவரி குடுக்கணும்."

வெளியே வந்த பிறகுதான் தீப்பெட்டி என் சட்டைப் பையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சங்கத்தின் வாட்ஸப் குழுவில் நடந்ததை எழுதிப் போட்டேன். தம்பி மேல் தப்பில்லை, பொய் சொன்னது நான் என்று. பல் டாக்டர் போன் செய்தார். "பாகம் உள்ள விழறது எல்லாருக்கும் நடக்கறதுதானே சார், விடுங்க" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவன் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இஸ்திரிப் பெட்டியை எடுக்கச் சின்னவன் வந்தான். "சாப்பிடுங்க தம்பி" என்றாள் மனைவி. "சாப்பிட்டுட்டுத்தான் அண்ணி வந்தேன்" என்றான். பகல் பன்னிரண்டு மணி.

போகிற வழியில் என் அறை வாசலில் நின்றான். விமானம் இரண்டு பாதியாக அப்படியே கிடந்தது, நான் ஒட்டவில்லை. உள்ளே வந்து பூதக்கண்ணாடியைக் கேட்டான். கொடுத்தேன்.

"அன்னைக்குச் சரியா பாக்கல. இதுல நான் தொலைச்சது எது?"

இடுக்கி முனையால் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இதுக்கா அண்ணா?" என்றான்.

"ஆமாம்டா" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் பார்க்காத மாதிரி பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்தான்.

கூடத்துக்கு வந்தான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "ஒரு வாய் போடுங்க அண்ணி" என்று மேசையில் உட்கார்ந்தான், எப்போதும் உட்காருகிற இடத்தில். நான் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனான். அவன் தட்டை நான் கழுவினேன். அதில் மிச்சம் எதுவும் இல்லை.