சஹனில் என் பக்கம்

நானா, பக்கத்து வீட்டில் நெய்ச்சோற்றுக்கு ரம்பை இலை தாளிக்கிற வாசம் அம்பிட்டிய மேடு முழுக்க ஏறி வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். போன கிழமை, நீங்கள் போய் நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்தில் சாப்பிட்டதிலிருந்து சோற்று வாசமே பிடிக்கவில்லை.

பேராதனை ஆஸ்பத்திரியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அண்ணன் முறை வைத்து உங்களை நானா என்று கூப்பிடத் தொடங்கியது அங்கேதான். இரண்டு பேருக்கும் சரியாக வேகாத கோழி தின்ற வயிற்றோட்டத்தில் தொடங்கி, கை கால் விழுந்துபோனது. கிருமியை அடிக்கப் போன உடம்பு ஆளை மாறிப் பிடித்து நம் நரம்பையே அடித்துவிட்டது என்றார் டொக்டர். "காவல் நாய் ஊட்டுக்காரனையே கடிச்சிட்டு" என்றீர்கள் நீங்கள், கோணிப்போன வாயால்.

பிள்ளை மாதிரி நடக்கப் பழகி, நீங்கள் கம்பளை அரிசிக்கடைக்கும் நான் மாநகர சபை மேசைக்கும் திரும்பினோம். காலையில் கடை திறந்ததும் போன் எடுப்பீர்கள்.

"தம்பி, கால் ஈக்கிதா?"

"இருக்கு நானா."

அவ்வளவுதான் பேச்சு.

கலியாண வீடுகளில் ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால், நீங்கள் என்னை ஒட்டித்தான் இருப்பீர்கள். மரியாதைக்கு யாராவது கோழித் துண்டை என் பக்கம் தள்ளினால், எலும்போரம் பிட்டுப் பார்ப்பீர்கள். வேகாமல் சிவப்பாக இருந்தால் கதை பேசிக்கொண்டே சோற்றுக்கு அடியில் புதைத்துவிட்டு, "தம்பிக்குப் பல்லு வலி" என்பீர்கள். எத்தனை கலியாணத்தில் எனக்குப் பல்லு வலி!

சளிக்காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் மட்டும் பொல்லாத பிடிவாதம். ஊசியால் இந்த நரம்பு வருத்தம் திரும்புவது மிக அபூர்வம், உங்களுக்குக் காய்ச்சல்தான் பெரிய ஆபத்து என்று டொக்டர் எவ்வளவோ சொன்னார். "தூங்குற நரம்பக் குத்தி எழுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டு எழுந்து வந்துவிட்டீர்கள். காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஒரு கதவைப் பூட்டிக் காவல் இருந்தீர்கள், அது மற்றக் கதவால் வந்தது. எனக்கு இன்னும் உங்கள் மேல் கோபம்தான்.

நான் மட்டும் என்ன கெட்டிக்காரன்? ஊசி போட்டுக்கொண்டேன். கத்தத்துக்கு வரும்போது பஸ்ஸில் இருமல் சத்தத்துக்குப் பயந்து மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. சஹனில் உட்கார்ந்ததும் உங்கள் மகன் கோழித் தொடையை என் பக்கம் தள்ளினான். "வாப்பாட கூட்டாளி நீங்க, தின்னுங்க." அவன் கண் கலங்கியிருந்தது. எலும்போரம் சிவப்பு தெரிந்தது. எனக்குப் பல்லு வலி என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தின்றுவிட்டேன்.

அதில் வந்த வயிற்றோட்டம் இரண்டொரு நாளில் நின்றுவிட்டது. இன்று காலை குளியலறைச் சீமெந்துத் தரையில் கால் வைத்தேன். குளிர் ஏறவில்லை. கால் விரல் நுனிகளில் மட்டும் எறும்பு ஊர்ந்தது.

"எறும்பு ஊந்தா யோசிக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்பீர்கள். முதல் தடவை யோசித்துக்கொண்டே வீட்டில் கிடந்தவர்கள் நாம். அதனால் வாசலுக்கு வரச்சொல்லி த்ரீவீலுக்குச் சொல்லிவிட்டு, சப்பாத்தோடு உட்கார்ந்துதான் இதைப் போனில் ஒரு விரலால் தட்டி எழுதுகிறேன். சப்பாத்துக் கயிறு இன்னும் கட்டிய பாடில்லை, கை விரல் பிடிக்கவில்லை.

நீங்கள் கடை திறக்கிற நேரம் இது. கால் ஈக்கிதா என்று உங்கள் குரலில் நானே கேட்டுப் பார்க்கிறேன். இருக்கு நானா என்று சொல்ல இன்றைக்கு வாய் வரவில்லை.