வந்த பிள்ளையை வராதவளாக்கிய டேப்லெட்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
சட்டைக் காலர் தைக்கும் தொழிலாளி,
பள்ளிக்குப் பின்தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: தினமும் பள்ளிக்கு வந்த என் மகளுக்கு வருகை இல்லையென்று தேர்வு நுழைவுச்சீட்டு மறுக்கப்பட்டது – உடனே வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் ஐயா,

1. காய்ச்சலில் கிடந்த இரண்டு நாள் தவிர என் மகள் இந்த ஆண்டு மட்டம் போட்டதே இல்லை. முதல் பெஞ்சில் உட்காருபவள். ஆனால் வரும் திங்கட்கிழமை தொடங்கும் பொதுத்தேர்வுக்கு அவளுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது என்று தலைமையாசிரியர் கைவிரித்துவிட்டார்.

2. காரணம், தங்கள் அலுவலகம் இலவசமாகக் கொடுத்த டேப்லெட். பதிவேட்டை ஒழித்துவிட்டு இப்போது அதில்தான் வருகை பதிவாகிறது. காலை பத்து மணிக்குப் பிள்ளை வகுப்பில் அதைத் திறந்தால் பெற்றோரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும். ஐந்து நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டும். வீட்டில் நானும் அவளும்தான். இருப்பது என் கைபேசி ஒன்றுதான். எட்டு மணிக்கு நான் தையல் ஆலைக்குள் நுழையும்போதே வாயிற்காவலர் அதை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார். ஆறு மணிக்குத்தான் கையில் தருவார். காலையில் செத்துப்போன எண்ணை வைத்துக்கொண்டு மாலையில் நான் என்ன செய்வது? இந்த முறை வந்து அறுபத்தொரு நாள். அறுபத்தொரு நாளும் அவள் வராதவள்.

3. சரியென்று கைபேசியை மகளிடமே கொடுத்தனுப்பினேன். மாணவர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது என்று பள்ளி வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். அதை மீட்க அலைந்ததில் இரண்டு நாள் கூலி போயிற்று. எண் வேண்டுமாம், எண் வரும் கைபேசி கூடாதாம்! இந்த விதிகளை எழுதியவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லையா?

4. வகுப்பாசிரியரிடம் முறையிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க பொண்ணு தினமும் வர்றா, நான் இல்லேன்னு சொல்லலையே. ஆனா டேப்லெட்டுல இல்லையேம்மா." நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். தங்கள் அலுவலகத்துக்கும் மூன்று முறை வந்தேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆன்லைன்ல போடுங்கம்மா" என்றார்.

5. இலவசம் என்று கொடுத்துவிட்டு அச்சுப் புத்தகத்தை நிறுத்தினீர்கள். டேட்டாவுக்கு என் கூலியிலிருந்து போகிறது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். என் பிள்ளையின் ஓர் ஆண்டையும் விலையாகக் கேட்டால் பொறுக்க மாட்டேன்.

6. அவளுடைய கணக்கு நோட்டை இணைத்துள்ளேன். வராதவள் என்று குறிக்கப்பட்ட நாள்களில் முப்பத்தெட்டு நாள், வகுப்பாசிரியரே தேதி போட்டுச் சிவப்பு மையில் கையெழுத்திட்டிருக்கிறார். வராத பிள்ளையின் நோட்டை அவரிடம் நீட்டியது யார்?

ஆகவே, சனிக்கிழமைக்குள் நுழைவுச்சீட்டு வழங்கத் தாங்கள் ஆணையிட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலை போனாலும் போகட்டும் என்று, நான் அவளோடு தேர்வறை வாசலில் நிற்பேன். தாங்களே நேரில் வாருங்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று தங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

இடம்: பள்ளிக்குப் பின்தெரு
நாள்: தேர்வுக்கு நான்கு நாள் முன், வியாழக்கிழமை

பதிலை வாங்காமல் விடாத தாய்,
(கையொப்பம்)