ஆவாங்கின் கயிறு

அன்பு மகன் அஸ்ஃபானுக்கு உன் அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் உன் தங்கை சுஹைலாவும் சுகம், உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க ஐந்து வேளையும் கேட்கிறேன். நான் சொல்லச் சொல்ல சுஹைலாதான் எழுதுகிறாள், ஆறாவதோடு நின்றவளானாலும் எழுத்து மணிமணியாக இருக்கிறது பார். இதில் அவளைப் பற்றிய பேச்சுதான் நிறைய வரும், வெட்கப்பட்டு ஒரு வரி விட்டாலும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தில் உன் கப்பல் பட்டறை வெள்ளைக்கார மேலாளர் பேச்சை எழுதியிருந்தாய், விடாமல் தொற்றிக்கொண்ட பாரத்தை அவர்கள் முதுகில் ஏறிய குரங்கு என்பார்களாமே. நம் வீட்டில் அது வெறும் பேச்சில்லை மகனே. உன் அப்பா மவுத்தான நாளிலிருந்து, அவர் தேங்காய் பறிக்கப் பழக்கிய குரங்கு ஆவாங் மரமேறவில்லை, சுஹைலாவின் முதுகை விட்டு இறங்கவுமில்லை. அவள் அரிசி களைந்தாலும் துணி அலசினாலும் அது முதுகிலேயே, தோளெல்லாம் நகக்கீறல். தேங்காய் பறிக்காத குரங்குக்குத் தீனி எதற்கு என்று ஊரே கேட்டது. பக்கத்து வீட்டு மெக் யோ வேலியில் நின்று, "என்னடி, மாப்பிள்ளைய இன்னிக்கும் சுமக்கிறியா? தாலாட்டு பாடினியா?" என்பாள், இவள் தலை குனிந்து உள்ளே போய்விடுவாள். விற்றுவிடச் சொல்லி நீயும் ரந்தாவ் பாஞ்சாங் ஊர்க் குரங்கு வியாபாரியிடம் பேசிவிட்டாய், சனிக்கிழமை வருவதாக இருந்தார், நானும் சரி என்றேன். இவள் இரண்டு நாள் தன் சோற்றை ஆவாங்குக்கே வைத்தாள்.

வியாழனன்று தோப்புக்காரர் போக் டெராமான் வந்தார். மகள் கல்யாண விருந்துக்கு மாலை அஸர் தொழுகைக்குள் நானூறு காய் வேண்டும், வழக்கமாக வருபவனின் குரங்குக்குக் காய்ச்சல், ஆவாங்கையாவது அனுப்புங்கள் என்றார். சுஹைலா அதைத் தோப்புக்குச் சுமந்துபோய் மரத்தில் விட்டாள். உன் செமான் மாமா அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, "ஏறுடா! முத்தலப் பறிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆவாங் பாதி மரத்தில் உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்தது, பிறகு ஓர் இளநீரைத் திருகி அவர் காலடியிலேயே போட்டது. "அய்யோ, கொல்லப் பாக்குது!" என்று மாமா ஓட, கூட்டம் சிரித்தது. அப்போது சுஹைலா போய்க் கயிற்றை எடுத்தாள். நாலு பேர் முன்னால் கத்த இவளுக்கு வாய் வருமா? கயிற்றை மெல்ல இரண்டு தரம் சுண்டினாள், அவ்வளவுதான், ஆவாங் விருட்டென்று உச்சிக்குப் போய்விட்டது. பிஞ்சில் கை வைத்தால் ஒரு சுண்டு, விட்டுவிடும், முற்றலைத் தொட்டால் கயிறு தளரும், திருகிப் போட்டுவிடும். உன் அப்பா கத்திக்கொண்டேதான் சுண்டுவார், நாங்கள் கத்தலைக் கேட்டோம், சாக்கோடு பின்னால் போன இவள் அவர் கையைப் பார்த்திருக்கிறாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்றால், "யாரும்மா என் கையில கயித்தக் குடுத்தீங்க?" என்கிறாள். நானும்தான் கொடுக்கவில்லை. பாங்கு சொல்லுமுன் நானூற்றிருபது காய் குவிந்தது. "இனிமே என் தோப்புக்குக் கத்துறவன் எவனும் வேணாம், இந்தப் பொண்ணு போதும்" என்று போக் டெராமான் எல்லார் முன்பும் சொன்னார், மெக் யோவும் அங்கேதான் நின்று கேட்டாள்.

உனக்கு இருமல் விட்டதா, வெந்நீர் குடி, பட்டறைப் புகையில் முகத்துக்குத் துணி கட்டாமல் நிற்காதே. செமான் மாமாவுக்கு இன்னும் தொண்டை கட்டியே இருக்கிறது.

சனிக்கிழமை வியாபாரி கூண்டோடு வந்தார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள், வெளியாள் குரல் கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற உன் தங்கை படியில் நின்று, "விக்கிறதுக்கில்லங்க. நாங்க வேலைக்குப் போகணும், வழி விடுங்க" என்றாள். அடுப்படிவரை கேட்டது மகனே. அவர் கூண்டை ஓரமாக நகர்த்தி வழி விட்டார்.

நீ பேசிவைத்ததால் அவரிடம் நீயே மன்னிப்புக் கேட்டுவிடு, மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான சம்பாத்தியமும் தரட்டும்.

உன் அம்மா,
சே லிமா
(எழுதியது சுஹைலா, எதையும் விடவில்லை)