சீட்டு மேசையில் என்ன கிடைக்கும் என்று கேட்டாயே

அன்பு மகள் கோரின்னுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், நீயும் சுகமாக இருக்கவேண்டும். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. அங்கே பனி கொட்டுகிறதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு லாஸ் வேகஸுக்கே வந்து அப்பாவைப் போலப் போக்கர் அறையில் சீட்டுக் கலைத்துப் போடப்போகிறேன், என்ன வரும் என்று கேட்டிருந்தாய். சம்பளம் என்று மணிக்குப் பன்னிரண்டு டாலர்தான், பாத்திரம் கழுவுகிறவனுக்குக்கூட அதைவிட அதிகம். மற்றதெல்லாம் டிப்ஸ். ஜெயித்தவன் மனம் குளிர்ந்து, காசுக்குப் பதில் வைத்து ஆடுகிற டோக்கனில் ஒன்றைத் தள்ளினால் உண்டு, தோற்றவன் தருவது வசவுதான். சனிக்கிழமை அப்பா முந்நூறு டாலரோடு வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நீ. மற்ற நாட்களில் நாற்பதோடு வந்து சாப்பிடாமல் படுத்ததை உனக்கு நாங்கள் காட்டியதில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே. அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறி இடது பக்கம் மங்கல், வேலையிடத்தில் யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய ஆட்டத்தில் கடைசியாக இரண்டே பேர். தன் சீட்டின் மேல் ஒரு டோக்கனை வைத்துக் காத்துக்கொள்ளவேண்டியது ஆடுகிறவன் பொறுப்பு, இடது பக்கம் இருந்த இளைஞன் வைக்கவில்லை. அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான் என்று நினைத்து அவன் சீட்டை வாரிக் கழித்த சீட்டுகளோடு சேர்த்துவிட்டார் அப்பா. கலந்த சீட்டு செத்த சீட்டு, திருப்பி எடுக்க முடியாது. பணம் முழுக்க எதிராளிக்குப் போயிற்று. "யோவ் குருட்டுக் கெழவா, எந்திரிச்சுப் போய்யா" என்று கத்தினானாம் அந்தப் பயல். அதற்குப் பிறகு அப்பா எந்த மேசையில் உட்கார்ந்தாலும் "ஐயோ, இந்த ராசியில்லாத ஆளா" என்று முணுமுணுப்பு, ஜெயித்தவன்கூட டோக்கன் தள்ளவில்லை. கடைசியில் அறையைப் பார்த்துக்கொள்ளும் மார்லா கூப்பிட்டு, "வெண்டல், கூட்டம் வந்தா கூப்புடுறோம், அதுவரைக்கும் வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டாள். வேலை நேரம் குறைந்தால் அவர்கள் தருகிற மருத்துவ இன்சூரன்ஸ் போய்விடும். அது போனால் கண்ணில் போடுகிற ஊசியும் போய்விடும்.

இதைவிடக் கேள். அந்த மார்லாவே, "உங்க பொண்ணு வர்றான்னீங்களே, அனுப்புங்க, உங்க எடத்தையே குடுக்குறேன்" என்றாளாம். இதைச் சொல்லும்போது உன் அப்பா சிரித்தார் கோரின். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னைப் போனில் கூப்பிடுவார். நல்ல காசு, நல்ல மனுஷர்கள், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்பார். அவர் பொய் சொல்லி நீ கேட்டதில்லை, அதனால் நம்பிவிடுவாய். நம்பாதே. வரமாட்டேன் என்று சொல். அவர் மனசு உடையும், உடையட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார், பரீட்சையை நல்லபடியாக எழுது. முடிந்ததும் ஒரு தடவை வந்து அப்பாவுக்கு முகத்தைக் காட்டு, அவருக்குக் கண் இன்னும் தெரியும்போதே வா. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடு.

உன் அம்மா,
லொரெட்டா