ஷட்டர் மூடும்வரை

மச்சான்,

உன் மனைவி நேற்று இரத்தோட்டை பஸ்ஸில் அந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் கடையில் வைத்தார். "அவரு சாமான் ஒங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே" என்றார். மூடியைத் திறந்ததும் எலி மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே உன் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மோட்டார்ப் பீடம், இறுகிய கிரீஸ், அறுந்த வயர்கள். வயர்களை அறுத்தது எலி இல்லை.

மாத்தளை ஸ்டூடியோவில் நாள் முழுக்க அடையாள அட்டைக்கு முகங்களைப் படம் எடுத்துவிட்டு, ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் மங்கலாய்த் தெரியும் ஒளிமுகிலை ஒரே ஒரு தடவை நன்றாக எடுக்கவேண்டும் என்று கிடந்தவன் நீ. ஷட்டர் சில நிமிடங்களாவது திறந்திருக்கவேண்டும். பூமி சுற்றுவதால் அதற்குள் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அதனால்தான் சின்னக் கமரா ஒன்று ஒரு நட்சத்திரத்தையே பார்த்திருக்க, அது விலகும்போதெல்லாம் லெப்டொப் மோட்டாருக்குத் திருத்தம் சொல்லும் ஏற்பாடு. கம்பியூட்டர் திருத்துகிறவன் என்பதால் அந்தத் தலைவலி எனக்கு வந்து சேர்ந்தது.

எத்தனை சாயங்காலம் நாசமாய்ப் போனது! நட்சத்திரம் தொலைந்துவிட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து வரும். கேபிளை மாற்றினேன், மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன், பற்சக்கரத்தைக் கழுவினேன். "இந்த சனியன தூக்கி ஆத்துல போடு" என்று நான் கத்தினால், "கோவப்படாத மச்சான், நாம சொன்னதத்தானே அது செய்யுது" என்பாய்.

நாம் சொன்னதுதான் பிழை. துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் பீடத்தின் அச்சைத் திருப்பி நிறுத்தவேண்டும். அது நமக்கு மலைக்குப் பின்னால் மறைந்திருந்ததால், லெப்டொப் போட்ட கணக்கை நம்பி நிறுத்தினோம். அரசாங்கம் நாட்டின் மணியை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியபோது நாம் திரையில் மணியை மட்டும் மாற்றியிருந்தோம். உலக நேரத்துக்கும் நமக்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற இடத்தில் பழையதே கிடந்தது. வானத்தையே அது அரை மணி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டை மாற்றுவதுபோல் நேரத்தை மாற்றுகிற நாடு, தூ!

அதைத் திருத்திய அன்று, இருட்டியதும் உன் வீட்டுக்கு மேலே தேயிலைக்குள் பீடத்தை நிறுத்தினோம். லொறி பெட்டரி, சுற்றிலும் வயர், வானத்தை நோக்கி ஒரு குழாய், இரண்டு தமிழர். சண்டை நடந்த அந்தக் காலத்தில் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நமக்குத் தோன்றவே இல்லை. திரையில் திருத்தக் கோடு ஆடாமல் நேராக ஓடியது. நீ ஷட்டரைத் திறந்தாய்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆமிக்காரர்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். நீ திரும்பக்கூட இல்லை. "கொஞ்சம் பொறுங்க சேர், ஷட்டர் தொறந்திருக்கு" என்று சிங்களத்தில், அவர்கள் மொழியிலேயே மரியாதையாகச் சொன்னாய். டோர்ச் வெளிச்சம் அடித்துப் படம் முழுக்க வெளுத்துப்போனது. அடுத்த அடி உன் வலது கண்ணில் விழுந்தது. வயர்களை அறுத்தெறிந்துவிட்டு, எந்த ரொக்கெட்டுக்கு வழிகாட்டுகிறாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்.

பிடித்துக்கொண்டுபோன உன்னை அவர்கள் விட்ட பிறகு இடது கண்ணால்தான் கமராவைப் பார்த்தாய். வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. நம்மை ஆமிக்குக் காட்டிக்கொடுத்தவன் நம் ஊர்க்காரன்தான்; அவன் மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் படம் எடுத்தாய். போன மாதம் உன்னை அடக்கம் செய்த அன்று அவன் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பிளேன்டீயில் சீனி போதாது என்றான்.

"விடு மச்சான், அவனுக்கும் பயந்தானே" என்பாய். விடமாட்டேன். உன் பெருந்தன்மை எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது வேறு. சண்டை முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கும் முன் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் திரும்பாமல் இருக்க முடியவில்லை.