மருத மரத்தில் சுண்ணாம்புக் குறி

கொல்லம் 1086, ஐப்பசி 3, புதன்

காலையிலிருந்து தூறல். ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடமிருந்து (ரெ.இ.) தாக்கீது. ஆற்றங்கரை அரிக்காமல் இருக்க, கரையோர மரங்களை வெட்டாமல் விடும் பட்டாதாரருக்கு அந்தத் துண்டு நிலத்தின் தீர்வை தள்ளுபடியாம். மரங்களை எண்ணிக் குறி போட வேண்டும். ஊரில் தமுக்கு அடித்து விவரம் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் வருகிறாராம். ஊர்க் கணக்கெழுதும் கர்ணம் என்றால் செக்குமாடு என்று நினைப்பு. இந்த மழையில் எவன் தமுக்கு அடிப்பான்? விட்டுவிட்டேன்.

கரையோரப் பட்டாதாரர் பரமசிவம் பிள்ளையிடம் மட்டும் விவரம் சொன்னேன், கையெழுத்துப் போட்டார். தம்பி நெல்லையப்பனோடு கூட்டுப் பட்டா. தம்பி சாத்தான்குளத்தில், மாமனார் வீட்டில். அவன் வந்ததும் இவரே சொல்லிக்கொள்வாராம்.

வாங்க: தாள், மைக்குக் கடுக்காய், வெற்றிலை.

ஐப்பசி 4, வியாழன்

வெயில். அவர்கள் கரையில் மருத மரம் இருபத்தாறு. குறி போடக் காவி இல்லை. பரமசிவம் பிள்ளை சம்சாரம் கோமதி, வீடு வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பைச் சட்டியோடு கொடுத்தாள். மரத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, மார் உயரத்தில். அவர்கள் குலசாமி மாடன் பீடத்துக்கு மேல் நிற்கும் பெரிய மரத்திலும். கை வெந்துவிட்டது.

ஐப்பசி 5, வெள்ளி



காலை பத்து மணி. ரெ.இ.க்காக நானும் பரமசிவம் பிள்ளையும் கரையில். நெல்லையப்பன் வண்டியிலிருந்து குதித்து வந்தான். கையில் அரிவாள். கண் மாடன் மரத்துப் பட்டையில்.

"மாடன் மரத்த எவனுக்கு வித்த?"

அண்ணனை அவன் ஒருமையில் பேசிக் கேட்டதில்லை.

"விக்கலடே, வெட்டாம இருக்கதுக்குத்தான்..."

முதல் வெட்டு தோளில். தடுத்த கையில் இரண்டாவது, விரல்கள் தெறித்தன. மூன்றாவது கழுத்தில். வெள்ளைப் பட்டை சிவந்துவிட்டது. என் வேட்டியிலும் ரத்தம். பிறகு அரிவாளைப் பீடத்தில் வைத்துவிட்டு அவனே உட்கார்ந்துகொண்டான், போலீஸ் வரும்வரை.

போன சித்திரையில் ரஸ்தா ஓரப் புளிய மரங்களை ஏலம் விட்டபோது இதே கையால் இதே பட்டைதான் போட்டேன். பட்டை போட்ட மரமெல்லாம் மறுநாளே சாய்ந்தது. ஊரே பார்த்தது. நேற்று எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. பாவி நான்.

"குறி என்னுது, நிறுத்துலே" என்று கத்த மூன்று வெட்டு நேரம் இருந்தது. நாக்கு எழவில்லை.

ஐப்பசி 6, சனி

சேரன்மகாதேவி ஸ்டேஷன். வாக்குமூலம். சொத்துத் தகராறு என்றேன், எழுதிக்கொண்டார்கள். சுண்ணாம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் தமுக்கு அடிக்காத கதையும் வெளியே வரும், வேலை போகும்.

ரெ.இ. வந்து எண்ணினார். இருபத்தாறு சரி, தள்ளுபடிக்கு எழுதுகிறேன் என்றார். அந்த மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது. போட வேண்டியது என் மண்டையில். காலைச் சுற்றிய நாயை எட்டி உதைத்தேன்.

கடைத்தெருவில்: "சொத்து வெறி வே. தூக்குதான்."

ஐப்பசி 8, திங்கள்

நல்ல மழை. கோமதி வந்தாள், இடுப்பில் அந்தச் சுண்ணாம்புச் சட்டி. நெல்லையப்பன் தாயில்லாப் பிள்ளை, ஐந்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள் இவள்தான்.

"சொத்துக்கு வெட்டுனான்னு சொன்னியளாமே அண்ணாச்சி. சுண்ணாம்பு குடுத்தது நான், பட்டை போட்டது நீங்க. அது எதுக்குன்னு அவனுக்குத் தெரியுமா?"

பாயை எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அவுகளத்தான் எரிச்சாச்சு. இவனையும் தூக்குல ஏத்தாதிய. நாளைக்கு இத எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு நீங்க போங்க. இல்லன்னா நான் போவேன்."

சட்டியை வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனாள். அவனை மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஐப்பசி 9, செவ்வாய்

மழை வெறித்திருக்கிறது. குளித்தாயிற்று. ராஜிநாமா எழுதி மடியில். சட்டியில் பாதிச் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. பட்டை எதற்கென்று நான் ஊருக்குச் சொல்லாததை வழியில் கேட்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டேஷன் வாசலில் மறுபடியும் நாக்கு எழாது.