பழைய முட்டை கேட்டவனுக்கு

அன்பு மச்சி பிரான்சிஸ்,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் ஈஸ்டருக்கு உன் வீட்டில் வேகவைத்த முட்டை பாழாய்ப் போனது. பாழாக்கியது நான்தான்.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் உன் ரோசி போன் செய்தாள். "அண்ணே, இந்த வருசமும் பீட்ரூட் முட்டை போடணும். அவர் குடுத்த வீடுங்களுக்கெல்லாம் குடுக்கணும். ஒரு அட்டை முட்டை அனுப்புங்க." அனுப்புவதா? அன்று காலை லாரியில் இறங்கிய சரக்கில் பெரிதாகப் பார்த்து முப்பது பொறுக்கி, மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து கொட்டிவாக்கத்துக்கு ஆட்டோவில் நானே போனேன்.

வேகவைத்து உரித்தால், ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்தது. முப்பதில் முழுசாகத் தேறியது நாலு. மற்றதெல்லாம் எலி கடித்த மாதிரி. பக்கத்தில், பாட்டிலில் முட்டையை ஊறப்போட, பீட்ரூட் வெந்த தண்ணீர் வினிகரும் சர்க்கரையும் கிராம்புமாக ஆறிக்கொண்டிருந்தது. ரோசி கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு வராதுண்ணே. பாட்டிலைக் கழுவி உள்ள வெச்சிடறேன். இனிமே இந்த வீட்ல இது வேணாம்."

கப்பல் சமையலறையில் நீ கற்றுக்கொண்டு வந்தது உன்னோடு போகட்டும் என்கிறாள். "சரக்குல குறை இல்லம்மா, இன்னிக்கு வந்தது" என்றேன்.

"அவருக்கும் இப்படித்தான் புதுசா குடுப்பீங்களா?"

உண்மையைச் சொன்னேன். "பழைய முட்டையா பாத்துக் குடு மச்சி" என்று நீ வருசா வருசம் கேட்டாய். வேலையை விட்டு வந்தவன், காசுக்கு யோசிக்கிறாய் என்று நினைத்தேன். பழசின் விலையை வாங்கிக்கொண்டு, உனக்குத் தெரியாமல் புதுசாகவே அடுக்கி அனுப்பினேன்.

ரோசி பிய்ந்த முட்டைகளைப் பார்த்துத் தலையாட்டினாள். "அவருக்குத் தெரியும்ணே. முட்டை வந்ததும் பிரிட்ஜ் அடித்தட்டுல வெச்சிட்டு பத்து நாள் தொடவே மாட்டாரு. 'செல்வம் நல்லது பண்றதா நெனச்சிக்கினு கீறான், அவனாண்ட சொல்லிடாத'ன்னாரு. எதுக்குன்னு நான் கேக்கல. நாள் ஆனாதான் ஓடு கழண்டு வரும்போல."

ஏன் மச்சி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? முட்டைக்காரனுக்கே முட்டையைப் பற்றிச் சொல்வதா என்று விட்டுவிட்டாயா? சைக்கிளில் கட்டி விற்று கடை பிடித்தவன் நான். இது தெரியாமலே இத்தனை வருசம் விற்றிருக்கிறேன்.

பழைய சரக்கு என் கடையில் நிற்காது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், ஈஸ்டருக்குப் பத்து நாள் இல்லாததால் மறுநாள் எதிர்க்கடை பாலுவிடம் போய் நின்றேன்.

"பழைய முட்டை கீதா?"

"இன்னா நைனா, காலங்காத்தால வம்பிழுக்க வந்துகினியா?"

விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு அட்டை கொண்டுவந்தான். "பத்து நாள் ஆவுது. என்னாண்ட வாங்குனேன்னு வெளியே சொல்லாத." தண்ணீரில் போட்டுப் பார்த்தேன்; கெட்டது மிதக்கும், ஒன்றும் மிதக்கவில்லை.

புதன்கிழமை ரோசி உரித்தாள். ஓடு சட்டை கழற்றுகிற மாதிரி வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பிரிட்ஜில் ஊறிக்கொண்டிருந்த பாட்டிலை எடுத்து ஒரு முட்டையை அறுத்தாள். ஓரமெல்லாம் ரோஜா நிறம், நடுவில் மஞ்சள். உப்பு கொஞ்சம் தூக்கல். உன் கை இல்லையே. ஆனால் எல்லா வீட்டுக்கும் போனது. பாட்டிலைக் கழுவி, சமையல் மேடை மேலேயே கவிழ்த்து வைத்தாள். உள்ளே வைக்கவில்லை.

இனி உன் வீட்டுக்குப் புது முட்டை தர மாட்டேன், சத்தியம். ரோசியிடம் பேசி முடித்துவிட்டேன். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு அட்டை என் கடை பிரிட்ஜில் பத்து நாள் காத்திருக்கும். அதற்கு விலையாகக் காசு வேண்டாம், பாட்டிலிலிருந்து எனக்கு முட்டை. நான் ஐந்து கேட்டேன், அவள் மூன்று என்றாள். நாலுக்கு முடிந்தது.

உன் மச்சான்,
முட்டைக்கடை செல்வம்